மின்கையொப்பம் போட்ட ஆவணம் அசல்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோர்ட் வளாகத்துக்கு எதிரே எங்கள் டைப்பிங் சென்டர். பிராதும் அபிடவிட்டும் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. சில வருடங்களாக வேறொரு கூட்டமும் வருகிறது. போனை நீட்டி, "இதுல கையெழுத்து இருக்குன்னு சொல்றாங்க சார், எங்க இருக்கு?" என்று கேட்பவர்கள். அவர்களிடம் வாய் வலிக்கச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் என்று வருமிடமெல்லாம் இந்தியச் சட்டம்தான். ஒன்று, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். இன்னொன்று, 1872-இன் சாட்சியச் சட்டத்தை எடுத்துவிட்டு 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம். இதைப் 'புதிய சாட்சியச் சட்டம்' என்றே குறிப்பிடுகிறேன். வழக்கு என்று ஆகிவிட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்; என்னை அல்ல.

கையெழுத்தை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பில் ஒட்டினால் அது மின்கையொப்பமா?

இல்லை. அது ஒரு படம். யார் வேண்டுமானாலும் வெட்டி, வேறு தாளில் ஒட்டலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பம் என்று ஏற்பது இரண்டு வகை. 3-ஆம் பிரிவின்படி, உரிமம் பெற்ற நிறுவனம் தந்த சான்றிதழை வைத்துப் போடும் டிஜிட்டல் கையொப்பம்; நம் ஊரில் 'டிஎஸ்சி' என்றால் இதுதான். அடுத்தது 3ஏ பிரிவும் இரண்டாம் அட்டவணையும் சொல்லும் முறைகள்; ஆதார் ஓடிபி வைத்துப் போடும் இ-சைன் இதில் வரும்.

படம் ஒட்டிய ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று இதற்கு அர்த்தமில்லை. மின்வழியில் நடந்த ஒப்பந்தம் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளக் கூடாது என்கிறது 10ஏ பிரிவு. 2010-இல் டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் வழக்கில் இமெயில் பரிமாற்றத்தையே முடிந்த ஒப்பந்தமாக உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே இமெயில்களையும் நடத்தையையும் வைத்து நீங்கள்தான் முழுக்க நிரூபிக்க வேண்டும். கையொப்பம் தானாகப் பேசாது.

பச்சை டிக் வந்தால் அது என்ன சொல்கிறது?

பிடிஎஃப்பை கம்ப்யூட்டரில் அடோபி ரீடர் என்ற மென்பொருளில் திறந்தால், கையொப்பம் சரியாக இருக்கும்போது வரும் குறி அது. சொல்வது மூன்று விஷயம். கையெழுத்து போட்ட பிறகு ஃபைலில் கை வைக்கவில்லை. இன்ன சான்றிதழுக்கு உரிய சாவியால்தான் போட்டிருக்கிறது. அந்தச் சான்றிதழைக் கொடுத்த இடத்தை உங்கள் கம்ப்யூட்டர் நம்புகிறது.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். வாடகை ஒப்பந்தம் ஒன்றை டைப் செய்கிறேன், வாடகை 12,000. அந்த ஃபைல் முழுவதையும் மென்பொருள் ஒரு கணக்குக்குள் அரைத்து 64 எழுத்து நீளத்தில் ஒரு வரியைத் தருகிறது. இதுதான் ஹேஷ். எஸ்எச்ஏ-256 என்ற முறைப்படி, ஒரு பக்கக் கடிதமானாலும் ஆயிரம் பக்கக் கட்டானாலும் அதே 64 எழுத்துதான். இப்போது 12,000 என்பதை 12,500 ஆக்கி மறுபடி அரைத்தால் வரியின் ஒரு எழுத்து மட்டும் மாறாது, வரி மொத்தமும் வேறாகிவிடும். பழைய வரியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கையெழுத்து போடுபவரிடம் ஒரு தனிச்சாவி இருக்கிறது. அந்த ஹேஷை அதனால் முத்திரையிடுகிறார். அதற்கு ஜோடியான பொதுச்சாவி சான்றிதழுக்குள் எல்லோருக்கும் தெரிய இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் பொதுச்சாவியால் முத்திரையைத் திறந்து, உள்ளே இருக்கும் ஹேஷையும் கையில் இருக்கும் ஃபைலின் ஹேஷையும் ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் பச்சை. ஒரு கமா மாறியிருந்தாலும் சிவப்புப் பெருக்கல் குறி.

டிக் சொல்லாததும் ஒன்று உண்டு: சாவியை அழுத்திய விரல் யாருடையது என்பது. கோர்ட்டில் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

எனக்கு பச்சை வரவில்லை. மஞ்சள் கேள்விக்குறி வருகிறது. போலியா?

பெரும்பாலும் இல்லை. இ-ஆதார், வருவாய்த்துறைச் சான்று, ஃபார்ம் 16 என்று எதைத் திறந்தாலும் முதல் தடவை இந்தக் கேள்விக்குறி வரும். இந்தியாவில் எல்லாச் சான்றிதழுக்கும் தலைவேர், சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர், சுருக்கமாக சிசிஏ. அந்த வேரை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் அடோபி மென்பொருளுக்கு இன்னும் யாரும் அறிமுகப்படுத்தவில்லை, அவ்வளவுதான். கையெழுத்தின் மீது கிளிக் செய்து, சான்றிதழைத் திறந்து, மேலே இருக்கும் 'சிசிஏ இந்தியா'வை நம்பகமான பட்டியலில் சேர்த்துவிட்டால் பச்சையாகிவிடும்.

எல்லாக் கடையிலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் செய்தேன். அதில் ஓட்டை இருக்கிறது. 'சிசிஏ இந்தியா' என்று பெயர் வைத்து ஒரு சான்றிதழை நானே என் கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் உருவாக்கலாம். சந்தேகத்துக்கு இடமான ஃபைலுக்கு உள்ளிருந்தே வேரை எடுத்து நம்பினால், திருடனிடமே அவனுக்கான ஜாமீனை வாங்கிய கதை. வேர்ச் சான்றிதழை சிசிஏ-வின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிச் சேருங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

இன்னொன்று: போனில் உள்ள பெரும்பாலான பிடிஎஃப் ஆப்கள் கையொப்பத்தைச் சரிபார்ப்பதே இல்லை. பக்கத்தில் தெரியும் டிக் படத்தை அப்படியே காட்டும். போனில் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று சொல்லாதீர்கள்.

பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேனே?

பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் அதில் கையொப்பம் இல்லை. கையொப்பம் ஃபைலுக்குள் இருக்கிறது. தாளில் வந்து விழுவது அதன் நிழல். நோட்டரியிடம் கொண்டுபோய் முத்திரை வாங்கினாலும் நிழலுக்குத்தான் முத்திரை.

தாளை மட்டும் வைத்துச் சரிபார்க்க வழி, கியூஆர் குறியும் சான்று எண்ணும்தான். தமிழ்நாட்டு வருவாய்த்துறையின் சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, பதிவுத்துறையின் வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் துறையின் தளத்தில் எண்ணைக் கொடுத்தோ கியூஆரை ஸ்கேன் செய்தோ பார்க்கலாம். ஸ்கேன் செய்ததும் திறக்கும் பக்கத்தின் முகவரியைப் படியுங்கள். அரசுத் தளத்தின் பெயர் பொதுவாக 'ஜிஓவி டாட் இன்' (gov.in) என்று முடியும். போலிச் சான்று தயாரிப்பவன் அதற்குத் தோதாகப் போலிப் பக்கமும் தயாரிப்பான். கியூஆர் அங்கே கொண்டுபோய் விடும்.

டிஜிலாக்கரில் துறையே நேரடியாகப் போட்ட ஆவணம் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்குச் சமம். நீங்களாகவே ஸ்கேன் செய்து அதில் ஏற்றியதற்கு அந்த மரியாதை கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் அதிகம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கையொப்பம் போய்விடுமா?

'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் போகாது. போட்டோவாக அனுப்பினால் போச்சு. கையொப்பத்தைக் கொல்லும் வேலைகள் வேறு: 'பிரிண்ட் டு பிடிஎஃப்' செய்வது, நாலு ஃபைலை ஒன்றாக இணைப்பது, அளவைக் குறைக்க கம்ப்ரெஸ் தளத்தில் போடுவது. ஆன்லைன் விண்ணப்பத்தில் '200 கேபி-க்குள் இருக்க வேண்டும்' என்று போட்டிருப்பார்கள். ஆள் உடனே கம்ப்ரெஸ் செய்வார், ஃபைல் சின்னதாகும், கையொப்பம் காணாமல் போகும், விண்ணப்பமும் திரும்பி வரும். அசலைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது. பழைய கையெழுத்தும் செல்லாமல் போகுமா?

போகாது. கையெழுத்து போட்ட நேரத்தில் சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்பதுதான் கேள்வி. ஆதார் இ-சைனில் சான்றிதழின் ஆயுளே 30 நிமிடம். அதற்குள் ஒரு கையெழுத்து. பிறகு சாவியை அழித்துவிடுவார்கள். அடுத்த நாள் திறந்து பார்ப்பவருக்குக் காலாவதியானதாகத்தான் தெரியும். பதற வேண்டாம்.

ஆனால் அந்த 'போட்ட நேரம்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது முக்கியம்.

கையெழுத்துக்குக் கீழே தேதி, நேரம் எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. நொடிக்கணக்கு வரை இருக்கும், பக்கத்தில் +05'30' என்று இந்திய நேரமும் இருக்கும். கையொப்பப் பேனலை, அதாவது ரீடரில் கையொப்ப விவரம் காட்டும் பகுதியைத் திறந்து படித்தால், இந்த நேரம் கையெழுத்திட்டவரின் கம்ப்யூட்டர் கடிகாரத்திலிருந்து வந்தது என்று அடோபியே சொல்லும். கடிகாரத்தை மூன்று மாதம் பின்னால் தள்ளிவிட்டுக் கையெழுத்து போட்டால் அந்தத் தேதிதான் விழும்.

நம்பத்தக்க நேரம் வேண்டுமென்றால் 'டைம்ஸ்டாம்ப்' வேண்டும். அதை மூன்றாம் தரப்பு சர்வர் ஒன்று தன் கையொப்பத்தோடு போட்டுக் கொடுக்கும். பேனலில் அதுவும் தனியாகத் தெரியும். முன்தேதி தகராறு வரக்கூடிய ஒப்பந்தம், போர்டு தீர்மானம் இவற்றுக்கு டைம்ஸ்டாம்ப் இல்லாமல் கையெழுத்து வாங்காதீர்கள். டைம்ஸ்டாம்ப் இல்லாத பழைய ஆவணமா? அதை அனுப்பிய இமெயிலின் சர்வர் நேரமாவது கைகொடுக்கும்.

கோர்ட்டில் யார் நிரூபிக்க வேண்டும்? போட்டது நான் இல்லை என்கிறவரா, போட்டார் என்கிறவரா?

கையொப்பம் 'பாதுகாப்பான மின்கையொப்பமா' என்பதைப் பொறுத்தது. போடும் நேரத்தில் சாவி அவர் ஒருவரின் கட்டுப்பாட்டில் மட்டுமே இருந்து, விதிகள் சொல்லும் முறையிலும் போட்டிருந்தால் அது பாதுகாப்பானது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. அப்படியானால் புதிய சாட்சியச் சட்டத்தின் 86-ஆம் பிரிவுப்படி, அவர்தான் மனமொப்பிப் போட்டார் என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளும். 'நான் போடவில்லை' என்பவர்தான் அதை உடைக்க வேண்டும். மற்ற மின்கையொப்பம் என்றால் 66-ஆம் பிரிவு: அது இன்னாருடையது என்பதைக் காட்டுபவரே நிரூபிக்க வேண்டும்.

சரிபார்க்கும் வழியும் புதிய சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. 73-ஆம் பிரிவின்படி, சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி அவருக்கோ, சிசிஏ-வுக்கோ, சான்றளித்த நிறுவனத்துக்கோ கோர்ட் உத்தரவிடலாம். பொதுச்சாவியை வைத்துக் கையொப்பத்தைச் சரிபார்க்க வேறொருவரையும் பணிக்கலாம். டிஎஸ்சி கொடுக்கும்போது நிறுவனம் வாங்கிய அடையாள ஆவணமும், வாங்கியவர் கேமரா முன் பேசிய வீடியோவும் அவர்களிடம் இருக்கும். 'எனக்கு டிஎஸ்சியே கிடையாது' என்று சாதிப்பவர் முன்னால் அந்த வீடியோவை ஓட்டினால் வழக்கு பாதி முடிந்த மாதிரி.

என் டோக்கன் ஆடிட்டர் ஆபீசில்தான் இருக்கிறது. அதில் என்ன தப்பு?

இந்தப் பக்கத்திலேயே இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

டிஎஸ்சி இருக்கும் யூஎஸ்பி டோக்கன் என்பது வெறும் பென்டிரைவ் இல்லை. தனிச்சாவி அதற்குள்ளேயே பிறந்து, வெளியே நகலெடுக்க முடியாதபடி அங்கேயே கிடக்கும். கையில் டோக்கன் வேண்டும், வாயில் பின் நம்பர் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் கையெழுத்து விழும். நல்ல ஏற்பாடு. நம் ஊரில் என்ன நடக்கிறது? ஆடிட்டர் ஆபீஸ் மேசை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டு முப்பது டோக்கன். ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர், அதில் பால்பாயின்ட் பேனாவில் கம்பெனி பெயர், கீழே பின் நம்பர். பல டோக்கன்கள் 12345678 என்ற பின்னோடுதான் வரும்; அதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஒருமுறை எங்களிடம் ஒரு மில் பங்குதாரர் வந்தார். கம்பெனி பெயரில் தாக்கலான ஒரு தீர்மானத்தில் அவர் டிஜிட்டல் கையொப்பம். பேனலைத் திறந்தேன்; எல்லாம் பச்சை. "நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல தம்பி" என்றார். டோக்கன் எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எப்பவும் ஆபீஸ்லதான் இருக்கும்" என்றார். எந்த ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை.

அவர் நிலையைப் பாருங்கள். டோக்கன் என்னிடம் இல்லை, எனவே என் கட்டுப்பாட்டில் போட்ட கையொப்பம் இல்லை என்று வாதாடலாம். 86-ஆம் பிரிவின் அனுமானத்தை உடைக்க அது ஒரு வழி. ஆனால் அதைச் சொன்ன மறுகணமே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். சாவியை மற்றவர் கையில் சிக்காமல் காப்பது சான்றிதழ்தாரரின் கடமை. சிக்கிவிட்டது என்றால் உடனே சான்றளித்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லும் வரைக்கும் பொறுப்பு அவர் தலையில். ஆக, தன் வாயாலேயே தன்னை மாட்டவைக்கும் வாதம் அது.

பிறர் மின்கையொப்பத்தை மோசடியாகப் போட்டால் அதே சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் நீங்களே டோக்கனையும் பின்னையும் எழுதிக் கொடுத்த பிறகு, எது அனுமதி எது மோசடி என்று பிரித்துக் காட்டுவது லேசான வேலை இல்லை. டோக்கன் உங்களிடம் இருக்கட்டும்; தாக்கல் செய்யும் நாளில் போய்ச் செருகிவிட்டு வாருங்கள். தொலைந்துவிட்டதா, அன்றே சான்றிதழை ரத்து செய்யுங்கள். ரத்து செய்த இமெயிலைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஓடிபி கேட்டார்கள், சொன்னேன். அது கையெழுத்தா?

இ-சைன் என்றால் ஆமாம். நடப்பது இதுதான். ஆவணத்தின் ஹேஷ் மட்டும் இ-சைன் நிறுவனத்துக்குப் போகும். ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி வரும். அடையாளம் உறுதியானதும் உங்கள் பெயரில் உடனடிச் சான்றிதழ், ஒரு கையொப்பம். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பைனான்ஸ் கடைகளில் போனை அவர்களே வாங்கி, வந்த ஆறு இலக்கத்தை அவர்களே அடித்துவிடுகிறார்கள்.

பின்னால் மறுக்க வேண்டிவந்தால், பரிவர்த்தனை எண், இ-சைன் நிறுவனத்தின் பதிவுகள், ஓடிபி வந்த எஸ்எம்எஸ் இவைதான் சாட்சி. எஸ்எம்எஸ்சை அழிக்காதீர்கள். ஆதார் அங்கீகாரப் பதிவை வெளியே எடுக்க உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்கிறது ஆதார் சட்டத்தின் 33-ஆம் பிரிவு. கீழ்க் கோர்ட்டில் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டாம்.

65பி சர்டிபிகேட் என்கிறார்களே, அது எதற்கு?

பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4). வக்கீல் குமாஸ்தாக்கள் வாயில் இன்னும் '65பி'தான். மின்பதிவின் பிரிண்டையோ நகலையோ சாட்சியமாகக் கொடுத்தால், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று ஒரு சான்று கூடவே வேண்டும். 2014-இல் அன்வர் வழக்கிலும், 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றது. அசல் கருவியையே கோர்ட்டில் வைத்தால் தேவையில்லை என்றும் சொன்னது. லேப்டாப்பைக் கோர்ட்டில் விட்டுவிட்டு வர எத்தனை பேருக்கு மனசு வரும்?

புதிய சட்டம் இதற்குப் படிவமே கொடுத்திருக்கிறது. முதல் பகுதி கருவியைக் கையில் வைத்திருப்பவருக்கு, இரண்டாம் பகுதி நிபுணருக்கு. கருவியின் மாடல், சீரியல் எண் முதல் ஃபைலின் ஹேஷ் வரை எழுத வேண்டும். ஹேஷ் எடுப்பது பெரிய வித்தை இல்லை. விண்டோஸில் 'செர்ட்யூடில்' (certutil) கட்டளையே எடுத்துத் தரும். படிவத்தில் எம்டி5, எஸ்எச்ஏ1, எஸ்எச்ஏ256 என்று ஹேஷ் முறைகளுக்குக் கட்டங்கள் இருக்கும். எஸ்எச்ஏ256-ஐ டிக் செய்யுங்கள். ஏன் என்பதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள். ஹேஷை எடுத்த பிறகு ஃபைலைத் திறந்து 'சேவ்' கொடுத்துவிடாதீர்கள். ஒன்றும் மாற்றாவிட்டாலும் ஹேஷ் மாறக்கூடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

பச்சை டிக்கையே ஏமாற்ற முடியுமா?

முடிந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறான இரண்டு பிடிஎஃப்களுக்கு ஒரே எஸ்எச்ஏ-1 ஹேஷ் வரும்படி செய்து காட்டின. ஒன்றுக்குப் போட்ட கையொப்பத்தை மற்றதற்கு மாற்றி ஒட்டினாலும் பொருந்திவிடும் என்பதுதான் இதன் பொருள். எம்டி5 அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

2019-இல் ஜெர்மனியின் போக்கும் (Bochum) நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கைத் தொடவே இல்லை; பிடிஎஃப் ரீடர்களைச் சோதித்தார்கள். கையெழுத்தான ஃபைலின் வாலில் புதிய உள்ளடக்கத்தைச் சேர்த்து, ரீடர் அதைக் கண்டுகொள்கிறதா என்று பார்த்தார்கள். 22 ரீடர்களில் 21 ஏதோ ஒரு விதத்தில் ஏமாந்தன. பிறகு நிறுவனங்கள் திருத்தின. திருத்தம் வந்து சேர்வது அப்டேட் போட்டவர்களுக்கு மட்டும். 2015-இல் இன்ஸ்டால் செய்த ரீடரில் சரிபார்த்துவிட்டு ஆவணம் சுத்தம் என்று சொல்லாதீர்கள். பேனலில் 'கையெழுத்தான பதிப்பைக் காட்டு' என்று ஒரு வசதி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதைத் திறந்து, கண்முன் இருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனி டோக்குசைன் என்ற இணையக் கையொப்பச் சேவை மூலம் வேலை ஒப்பந்தம் அனுப்பியது. இங்கே செல்லுமா?

ஒப்பந்தமாகச் செல்லும். ஆனால் வெறும் கிளிக் செய்து போட்ட கையொப்பத்துக்கு 86-ஆம் பிரிவின் அனுமானம் கிடைக்காது. கடைசியில் வரும் 'கம்ப்ளீஷன் சர்டிபிகேட்'டைத் தனியாகச் சேமியுங்கள். எந்த இமெயிலுக்குப் போனது, எந்த ஐபி முகவரியில் திறந்தது, எத்தனை மணிக்குக் கையெழுத்தானது எல்லாம் அதில்தான் இருக்கும்.

எதற்கெல்லாம் மின்கையொப்பம் உதவாது?

உயிலும் டிரஸ்ட் பத்திரமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு வெளியே. பவர் பத்திரமும் பொதுவாக அப்படித்தான். நிதி ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் வரும் நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கு மட்டும் 2022-இல் விலக்கு வந்தது. அப்பாவின் இ-சைன் உயில் என்று ஒருவர் பென்டிரைவோடு வந்தார். திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கையொப்பம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முத்திரைத்தாள் கட்டணம் கட்டாத ஒப்பந்தத்தைக் கோர்ட் கையில் எடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இலங்கையில்?

அங்கே 2006-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம். இறுதி விருப்பாவணம் (உயில்), அற்றோணித் தத்துவம் (பவர் பத்திரம்), நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்), காணி விற்பனை இவை அங்கே விலக்கு.

எதிர்த்தரப்பு ஃபைலைத் தராமல் பிரிண்டை மட்டும் காட்டுகிறார்கள். என்ன செய்வது?

ஃபைலைக் கேளுங்கள், எழுத்தில். நோட்டீஸில் 'கையொப்பமிட்ட மூல மின்கோப்பு, அதன் ஹேஷ், அது இருக்கும் கருவியின் விவரம்' என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 'ஆவணத்தின் நகல்' என்று மட்டும் கேட்டால் இன்னொரு பிரிண்ட் வரும். அதோடு 63(4) சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்த பிரிண்டைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும் அன்றே உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபம் சொல்ல வேண்டும். விசாரணை முடிந்து, வாதத்தின்போது நினைவு வந்து பயனில்லை. ஃபைலையே கொடுத்தார்கள் என்றால், வந்த பென்டிரைவை நேராக உங்கள் லேப்டாப்பில் செருகித் திறக்காதீர்கள். முதலில் ஹேஷ் எடுங்கள். பிறகு நகல் எடுத்து, நகலைத் திறங்கள்.